மூக்கக்காவும் செத்த தண்ணியும்

அந்தக் குடாவில் மட்டி வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் கண்ணும் காதும் தனித்தனியாக உண்டு. மூக்கு மட்டும் மொத்தக் குடாவுக்கும் ஒன்றுதான். அது மூக்கக்காவின் முகத்தில் இருந்தது.

பெயரைக் கேட்டுவிட்டுப் பெரிய மூக்கை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். இரண்டு கன்னத்துக்கும் நடுவில் ஏதோ ஒப்புக்கு வைத்த மாதிரி ஒரு சப்பை மூக்கு. ஆனால் கதவுக்கு வெளியே நிற்கிறவர் எந்தச் சோப்பைப் போட்டுக் குளித்தார் என்று அது சொல்லிவிடும். குளிக்கவில்லை என்றால் அதையும் சொல்லும். மகளுக்குப் பார்த்திருக்கும் பையன் தண்ணி போடுகிறவனா என்று சந்தேகம் வந்தால், அவன் வருகிற நேரமாகப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். அக்கா கிளம்பும்போது லேசாகத் தலையாட்டினால் பேச்சு மேலே நடக்கும். மூக்கைச் சொறிந்துகொண்டால் பையன் வந்த வழியே போக வேண்டியதுதான்.

ஆனால் அவளை ஊரே கும்பிட்டது இதற்காக இல்லை. மட்டிக்காக.

மட்டி என்றால் கறுப்பு ஓட்டுச் சிப்பி. பீப்பாய்களின் மேல் மரச்சட்டம் கட்டி மிதவையாக்கி, அதிலிருந்து கயிறுகளைக் கடலுக்குள் தொங்கவிட்டால், கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாக வளரும். தீனி போட வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், மேய்க்க வேண்டாம். மந்தபுத்திக்காரனையும் மட்டி என்றுதானே சொல்கிறோம்? இவளுக்குக் கல்யாணம் பேசியபோது இவளுடைய அம்மா, மாப்பிள்ளை வாயே திறக்கவில்லையே, வளர்க்கிறதும் மட்டி, வளர்க்கிறவரும் மட்டியா என்று கேட்டதாகச் சொல்வார்கள். மாப்பிள்ளை அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

மட்டிக்குத் தீனி போடுவது கடல். அதுவும் காற்று வழியாகத்தான் போடும். தரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று வீசும் பருவத்தில், மேலே கிடக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை அது வெளியே தள்ளிக்கொண்டு போகும். காலியான இடத்தைக் கடல் சும்மா விடாது. அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். மேலே செத்ததெல்லாம் காலங்காலமாக அடியில்தானே போய்ச் சேர்கிறது? ஆகவே அந்த ஆழத்துத் தண்ணீர் அத்தனையும் உரம். அதன் மேல் வெயில் பட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கில் பெருகிக் குடாவே பச்சையாகிவிடும். மட்டி மூக்குப் பிடிக்கத் தின்று கொழுக்கும். வளர்க்கிறவர்களுடைய வீட்டிலும் அந்த மாதங்களில் சண்டை குறைவாக இருக்கும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று சொன்னவர் மட்டி வளர்த்தாரோ என்னவோ. திடீரென்று காற்று நின்று, தண்ணீர் அசையாமல் கிடந்தால், தின்று தீராத பாசி செத்து அடியில் போய் அழுகும். அழுகல் அங்கிருக்கும் தண்ணீரின் மூச்சுக்காற்றை எல்லாம் குடித்துவிடும். மூச்சில்லாத அந்தத் தண்ணீர் வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி அடியிலேயே கிடக்கும். மறுபடி தரைக்காற்று கிளம்பும்போது நல்லதுக்குப் பதிலாக அது ஏறி வரும். அதற்குத்தான் செத்த தண்ணி என்று பெயர். வந்தால் மட்டி வாயை இறுக மூடிக்கொண்டு கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். வாயை மூடிக்கொண்டு எத்தனை நாள்தான் இருக்க முடியும்? அப்புறம் மொத்தமாகத் திறந்துவிடும். திறந்தால் முடிந்தது.

தப்பிக்க வழி உண்டு. ஒவ்வொரு கயிற்றுக்கும் மேல் முடிச்சு, கீழ் முடிச்சு என்று இரண்டு இருக்கும். அலை அடித்துக் காற்றுக் கலந்துகொண்டே இருப்பதால், மேல்மட்டத்தில் செத்த தண்ணி நிற்காது. கயிற்றைத் தூக்கி மேல் முடிச்சில் கட்டிவிட்டால் மட்டி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது வருவது கோடையில். கோடையில் மேல்தண்ணீர் சூடு. சூட்டில் மட்டி பிடி தளர்ந்து, பொலபொலவென்று உதிர்ந்து அடியில் போய்விடும். அதனால்தான் கோடை முழுவதும் கீழ் முடிச்சு. வராத செத்த தண்ணிக்குப் பயந்து தூக்கினாலும் நஷ்டம், வந்த பிறகு தூக்காவிட்டாலும் நஷ்டம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சாதாரண மூக்குக்கு அந்த நாற்றம் தெரிவதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

அக்காவின் மூக்குக்கு முன்னாலேயே தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள், கணவர் இழுத்த கயிற்றிலிருந்து சொட்டிய தண்ணீரை முகர்ந்துவிட்டு, முட்டை அழுகின வாசனை வருதே என்றாள். யாருக்கும் வரவில்லை. சிரித்தார்கள். அந்த வாரமே பாதிக் குடா செத்தது. அடுத்த முறை அவள் சொன்னபோது கணவர் மட்டும் ஒன்றும் பேசாமல் கயிறுகளைத் தூக்கிக் கட்டினார். அதற்கடுத்த முறை எல்லோரும் மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு தூக்கிக் கட்டினார்கள். அன்றிலிருந்து அவள் மூக்கக்கா.

பிறகு அது ஒரு முறையாகவே ஆகிப்போனது. கோடைக் காலையில் கணவர் ஒரு கண்ணாடிப் புட்டியில் கல்லைக் கட்டிக் கீழ் முடிச்சுக்கும் கீழே இறக்கி, அடித்தண்ணீரை மொண்டு எடுப்பார். அக்கா மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "நல்ல தண்ணி" என்று பக்கத்து மிதவைக்குக் குரல் கொடுப்பாள். அவர்கள் அதற்கடுத்த மிதவைக்குக் கொடுப்பார்கள். அப்படியே கைமாறி, இல்லை வாய்மாறி, குடாவின் கடைசி மிதவை வரைக்கும் போகும். அதைக் கேட்ட பிறகுதான் மற்ற வேலை. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த படகு மெக்கானிக் முதல் நாள் இந்தக் கூப்பாட்டைக் கேட்டுவிட்டு, குடிதண்ணீர்ப் படகு வந்திருக்கிறது என்று நினைத்துக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் கேன் கதையை அவர் முன்னால் சொல்லாத ஆள் கிடையாது.

இப்படி ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தபோதுதான், ஒரு கோடைத் தொடக்கத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் கையோடு கொண்டு போய்விட்டது.

அவளுக்கு அது தெரிந்தது வெங்காயம் நறுக்கும்போது. கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர் வருகிறது, வாசனை இல்லை. சோப்பை முகர்ந்தாள், காப்பித்தூளை முகர்ந்தாள், டீசல் துணியை முகர்ந்தாள், கணவரின் அழுக்குச் சட்டையை முகர்ந்தாள். எல்லாம் ஒன்றுபோல வெறும் காற்று. சளி இன்னும் விடவில்லை, நாலு நாளில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சரியாகவில்லை. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். நன்றாகப் பார்க்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர், நன்றாகச் சமைக்கிறவர்கள் அதைவிட நிறையப் பேர். மூக்கு இல்லாவிட்டால் தான் வெறும் அக்கா என்று அவளுக்குத் தோன்றியது. வெறும் அக்காவை யார் கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள்?

ஆகவே மறைத்தாள். அதில் கொஞ்சம் கெட்டிக்காரியாகவே இருந்தாள். டீசல் கடைக்காரர் புதுப் பீப்பாயைத் திறந்து காட்டி, கலப்படமா பாருங்கள் என்றபோது, எதற்கும் இருக்கட்டும் என்று, கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது என்றாள். அந்த மனிதர் சொக்கத் தங்கமான டீசலைத் திருப்பி அனுப்பினார். அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, புதுச் சென்ட்டைப் பூசிக்கொண்டு வேண்டுமென்றே பக்கத்தில் வந்து உரசி உட்கார்ந்தபோதுதான் அக்காவுக்குச் சிக்கல் வந்தது. அக்கா வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு என்ன தெரியும்? முகர்ந்துவிட்டும் பேசாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சென்ட் மட்டம் என்று ஓரகத்தி எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். பாத்திரங்கள் மட்டும் இரண்டு பக்கமும் படாரென்று பேசிக்கொண்டன.

தண்ணீர் விஷயத்தில்தான் அவளுக்குப் பயம். காலையில் புட்டியைத் திறந்து, மூச்சை ஆழ இழுத்து, ஒன்றும் தெரியாமல், "நல்ல தண்ணி" என்பாள். வாய்மாறிப் போகிற அந்த வார்த்தையைக் கடைசி மிதவை வரைக்கும் காதால் துரத்திக்கொண்டே நிற்பாள். சொன்னது பலிக்கும். அந்த நாள் ஓடும். மூக்கு போன பிறகு கண் விழித்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். புட்டியைப் பிடித்த கையின் குளிர்ச்சி, தண்ணீரின் நிறம், பறவைகள் எங்கே இறங்குகின்றன என்பது, இப்படி இத்தனை வருஷம் அக்கறையில்லாமல் விட்டதையெல்லாம் திருடி மாதிரி ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். ஆனால் பார்ப்பது வேறு, தெரிவது வேறு.

அந்தக் கோடையின் நடுவில் காற்று நின்றது. குடா பச்சையாகி, பச்சை முற்றிப் பழுப்பாகி, துணி துவைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பிறகு ஒருநாள் தரைக்காற்று கிளம்பியது. நிற்காமல் வீசியது. எல்லோருக்கும் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். ஆனால் யாரும் கவலைப்படவில்லை. அதற்குத்தான் அக்கா இருக்கிறாளே.

அன்று காலை கணவர் புட்டியை மேலே இழுத்துக் கொடுத்தார். பிடித்த விரல்கள் குளிரில் விறைத்தன. தண்ணீர் லேசாகப் பால் கலந்தது போலிருந்தது, அல்லது அப்படி இருப்பதாக அவள் நினைத்தாள். மிதவையின் பீப்பாய் மேல் ஒரு நண்டு ஏறி உட்கார்ந்திருந்தது. நண்டுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். மூடியைத் திறந்து முகர்ந்தாள். வெறும் காற்று.

பக்கத்து மிதவை கொழுந்தனுடையது. தனியாகப் பிரிந்து போய் அவர்கள் போட்ட முதல் மிதவை. கயிறெல்லாம் இளம் மட்டி. ஓரகத்தி கோபத்தில் வேறு பக்கம் திரும்பி நின்றாலும் காது இந்தப் பக்கம்தான் இருந்தது. அதற்கப்பால் ஒவ்வொரு மிதவையிலும் ஆட்கள் கையில் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். நல்ல தண்ணி என்று சொல்லி அது செத்த தண்ணியாக இருந்தால் மொத்தக் குடாவும் போகும். செத்த தண்ணி என்று சொல்லி அது நல்ல தண்ணியாக இருந்தால் மொத்தமும் சூட்டில் உதிரும். எதைச் சொன்னாலும் அது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான். தன் மிதவையோடு போனால் பரவாயில்லை. ஊரார் மட்டியை வைத்துச் சூதாட அவளுக்கு வாய் வரவில்லை.

"என்ன, சொல்லு" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியலங்க. மூக்கு போச்சு. அந்தக் காய்ச்சல்லயே போச்சு."

அவர் அவளைப் பார்த்தார். தீய்ந்த பாலும் ஊசின குழம்பும் அத்தனை நாளாக அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துகொண்டிருந்தன. ஆகவே அவர் முகத்தில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அக்கா பக்கத்து மிதவையைப் பார்த்து, "எனக்கு மூக்கு போச்சு" என்று குரல் கொடுத்தாள்.

காலையில் வருகிற வார்த்தையை அடுத்தவருக்குக் கடத்தியே பழகிய ஊர் அது. என்ன வார்த்தை என்று யோசிக்கிற பழக்கம் அதற்கு இல்லை. கொழுந்தன் அதைக் கேட்டு, மூக்கு போச்சாம் என்று கத்தினார். அடுத்த மிதவைக்காரர் காற்றில் பாதியை விட்டுவிட்டு, மூக்கக்காவுக்குப் போச்சாம் என்றார். அதற்கும் அடுத்தவர் எது போச்சு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமில்லாமல், மூக்கக்கா போயிட்டாங்களாம் என்று அனுப்பினார். கடைசி மிதவையில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

குடாவிலிருந்த படகு மொத்தமும் அக்காவின் மிதவையை நோக்கி வந்தது. ஓரகத்தி காதில் முதலில் விழுந்தது சரியான சேதிதான். ஆனால் அத்தனை பேர் துக்க முகத்தோடு வருவதைப் பார்த்ததும் அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. முதல் ஆளாக மிதவைக்குத் தாவினாள். அங்கே அக்கா கையில் புட்டியோடு முழுசாக நின்றுகொண்டிருந்தாள். வந்தவர்களுக்குத் துக்கம் போய்க் கோபம் வந்தது. டீசல் கடைக்காரர், ஒன்று சாக வேண்டும், இல்லை சாகவில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், பாதி வழியில் என்ஜின் சூடாகிவிட்டது என்று பொரிந்தார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். வெங்காயத்தைச் சொன்னாள், டீசலைச் சொன்னாள், அத்தனை காலையும் சொன்ன நல்ல தண்ணி ஒவ்வொன்றும் வெறும் யூகம் என்றாள். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இன்றோடு மூக்கறுபட்டது, இனிமேல் நாற்காலி இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப என் சென்ட்டு?" என்றாள் ஓரகத்தி.

"சத்தியமா தெரியலம்மா. நீ பூசியிருந்தியான்னுகூட எனக்குத் தெரியாது."

"அவ்வளவு விலை போட்டு வாங்கினேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஓரகத்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் யாரோ சிரிக்க, அது படகு படகாகப் பரவியது.

சிரிப்பு அடங்கியதும்தான் மெக்கானிக் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "நான் வெளியூர்க்காரன், எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா காலையில படித்துறையில அடிமீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துகிட்டு நின்னுச்சு. அது வழக்கமா?"

வழக்கமில்லை. கடைசி மிதவைக்காரர், என் நங்கூரக் கயிறு அடியில் கறுத்துப் போய் வந்தது, கழுவிவிட்டேன் என்றார். கொழுந்தன் நண்டுகளைப் பற்றிச் சொன்னார். கயிறு கயிறாக ஏறி வந்து பீப்பாய் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்ததாம். வேடிக்கையாக இருந்ததாம். டீசல் கடைக்காரர் கை கழுவின தண்ணீர் வெண்மையாக இருந்தது, எண்ணெய் என்று நினைத்துவிட்டேன் என்றார். ஆளுக்கு ஒன்று பார்த்திருந்தார்கள். பார்த்ததை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு ஒன்று இருக்கும்போது கண்ணால் பார்த்ததைப் போய் யார் பெரிசாகப் பேசுவார்கள்? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிப் பார்த்தபோது ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பழக்க தோஷத்தில் கடைசியில் எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள்.

"என் மூக்கைக் கேக்காதீங்க, அது பேசாது" என்றாள் அக்கா. "நீங்க சொன்னதை வச்சு நான் சொல்றேன். தூக்கலாம். தப்பா போனா எல்லாரும் சேர்ந்து தப்புப் பண்ணினதா இருக்கட்டும்."

ஓரகத்திதான் முதலில் போய்த் தன் இளம் மட்டிக் கயிற்றின் முடிச்சில் கை வைத்தாள். பொழுது சாயும் வரை குடாவில் கயிறு இழுக்கும் சத்தம்தான். தன் மிதவையை முடித்தவர் அடுத்தவர் மிதவைக்குப் போனார். அக்காவும் கணவரும் மற்றவர்களுக்கு ஓடி ஓடி இழுத்துவிட்டுத் திரும்பியபோது உள்ளங்கை உரிந்திருந்தது. தங்கள் மிதவையில் கடைசி வரிசையைத் தூக்க இரண்டு பேர் கையிலும் தெம்பில்லை. அப்படியே விட்டார்கள்.

செத்த தண்ணி மறுநாளே வந்தது. தூக்கிய கயிறுகளில் சூட்டுக்குக் கொஞ்சம் உதிர்ந்தது, மிச்சமெல்லாம் பிழைத்தது. தூக்காத அந்த ஒரு வரிசை முழுதும் வாயைத் திறந்துகொண்டு செத்தது. அக்கா அதை அறுத்துத் தூக்கிப் போடும்போது, இதுதான் சாட்சி என்றாள். பிழைத்த மட்டியைவிடச் செத்த மட்டிதான் ஊர்வாய்க்குச் சரியான பதில் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் அடித்தரையில் வாழ்கிறவற்றுக்கு மேல் முடிச்சு கிடையாதே. நண்டும் அடிமீனும் புழுவும் சேர்ந்து செத்துக் கரையெல்லாம் ஒதுங்கின. வெயிலில் அவை அழுகக் கிளம்பிய நாற்றத்தில் ஊர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டது. கரையைச் சுத்தம் செய்யப் போனவர்கள் மூக்கில் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டு, ஒரு கூடை அள்ளுவதற்குள் ஓடிப் போய்க் குமட்டிவிட்டு வந்தார்கள். அக்கா மட்டும் திறந்த முகத்தோடு, பூப்பறிக்கிறவள் மாதிரி நிதானமாக அள்ளிக்கொண்டிருந்தாள். கொடுத்து வைத்தவள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஓரகத்தி, ஊரிலேயே உனக்குத்தான்க்கா இப்ப நல்ல நேரம் என்றாள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

பிறகு கரையின் கோடியில் அவளும் கணவரும் மட்டும் இருந்தபோது, அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள். இந்த நாற்றத்தைத்தான் அவள் ஆயுசு முழுதும் மற்றவர்களுக்கு முன்னால் முகர்ந்து வந்திருந்தாள். இப்போது நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் அது தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. குமட்டுகிறவர்களைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

கணவர் அவளைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குமட்டலை விழுங்கிக்கொண்டு பேசினார்.

"முதல்ல முட்டைதான். பழைய முட்டை. அதுக்குக் கீழ ஈரச் சாக்கு ஒண்ணு மூட்டைக்கு அடியிலயே கிடந்து மக்கின மாதிரி. அப்புறம் நடுவுல, எப்படிச் சொல்றது, தீக்குச்சி கிழிச்ச உடனே வருமே, அது. லேசா. கடைசியில உப்பு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள்.

அவர் மறுபடி மூச்சை இழுத்தார்.